இனாம் குடையின் விலை

(தொழிற்சங்க அரசியல் வகுப்பு ஒன்றில் ஆற்றிய உரை)

சென்ற வகுப்பின் முடிவில் நம்மிடையே ஒரு கேள்வி எழுந்தது. "ஒரு கம்பெனி விலையைக் குறைக்கிறது; இன்னொரு கம்பெனி அதைவிடக் குறைக்கிறது; கடைசியில் ஒருவன் இனாமாகவே கொடுக்கிறான். இதில் ஏழைக்கு லாபந்தானே? முதலாளிகள் ஒருவரோடொருவர் முட்டிக்கொண்டால் நமக்கு என்ன நஷ்டம்?" என்பதே அந்தக் கேள்வி.

இது நியாயமான கேள்வி. கேட்டவரை நாம் கேலி செய்யக் கூடாது. மாதச் சம்பளத்தில் கால் ரூபாய் மிச்சமானாலும் அதன் அருமை தெரிந்தவர்கள் நாம். மலிவு விலை கெட்டது என்று சொல்லி நம் வீட்டுப் பெண்களிடம் போய் நின்றால், அவர்கள் நம்மைத்தான் விரட்டுவார்கள். ஆகவே கேள்வியைச் சரியாகப் போட்டுப் பார்ப்போம். விலை குறைகிறதா என்பதோடு நிற்காமல், யார் குறைக்கிறார்கள், எந்தப் பணத்தைக் கொண்டு குறைக்கிறார்கள், எதற்காகக் குறைக்கிறார்கள், போட்டி முடிந்த மறுநாள் என்ன நடக்கிறது என்று கேட்போம். இந்த நான்கு கேள்விகளையும் கையில் வைத்துக்கொண்டு, நமது தமிழகத்திலேயே நடந்த ஒரு கதையை இன்று ஆராய்வோம்.

வியாபாரமும் வியூகமும்

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். கம்பெனிகள் லாபத்துக்காகப் போட்டியிடுகின்றன என்பது பழைய செய்தி. அந்தப் போட்டியில் ஜெயிப்பதற்கு யுத்தத்தில் படை நடத்துவதைப் போலத் திட்டம் போடுகின்றன என்பதை இன்று அவர்களே மறைப்பதில்லை. வியாபார நிர்வாகப் படிப்பில் இது ஒரு தனிப் பாடம். அமெரிக்காவிலுள்ள ஹார்வர்ட் சர்வகலாசாலையின் பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் 1980ம் ஆண்டிலும் 1985ம் ஆண்டிலும் இதைப் பற்றி இரண்டு பெரிய நூல்கள் எழுதினார். உலகெங்கும் மானேஜர் உத்தியோகத்துக்குப் படிப்பவர்கள் அவற்றை இன்றும் படிக்கிறார்கள்.

அவர் சொல்வதன் சாரம் என்ன? போட்டியில் மேல்கை பெற மூன்று வழிகள் உண்டு. ஒன்று, மற்ற எவனையும்விடக் குறைந்த செலவில் சரக்கை உற்பத்தி செய்வது. இரண்டாவது, மற்றவனிடம் இல்லாத ஒரு தனித்தன்மையை நமது சரக்குக்கு உண்டாக்குவது. மூன்றாவது, சந்தை முழுவதையும் பிடிக்கப் பார்க்காமல், அதன் ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து அங்கே வேரூன்றி நிற்பது. இதோடு அவர் இன்னொன்றும் சொல்கிறார். ஒரு தொழிலில் எதிரில் நிற்கும் போட்டியாளனை மட்டும் பார்த்தால் போதாது. சரக்கு கொடுப்பவன், வாங்குபவன், நாளை புதிதாக உள்ளே நுழையக்கூடியவன், மாற்றுச் சரக்கு விற்பவன் ஆகிய எல்லோருடைய பலத்தையும் எடை போட வேண்டும்.

இதில் தவறு ஒன்றும் இல்லை. நன்றாக நெய்த வேட்டியைக் குறைந்த விலைக்குக் கொடுக்கிறவன் ஜெயித்தால் நாமும் வாழ்த்துவோம். ஆனால் புத்தகத்தில் அச்சாகும் வழி வேறு. சந்தையில் நடக்கும் வழி வேறு. செலவைக் குறைத்து விலையைக் குறைப்பது ஒரு ரகம். செலவு குறையாமலே, எதிரியைச் சாகடிப்பதற்காகச் சில காலம் மட்டும் விலையைக் குறைப்பது இன்னொரு ரகம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே தெரியும். வித்தியாசத்தைக் கண்டுகொள்வதுதான் இன்றைய பாடம்.

தூத்துக்குடித் துறைமுகத்தில்

1906ம் ஆண்டுக்குப் போவோம். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் போக்குவரத்து பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் கையில் இருந்தது. ஜனங்கள் இதைச் சுருக்கமாக பி.ஐ. கம்பெனி என்பார்கள். 1856ம் ஆண்டில் வில்லியம் மக்கின்னன் என்ற ஸ்காட்லாந்து வியாபாரி கல்கத்தாவுக்கும் பர்மாவுக்கும் கப்பல் விட ஆரம்பித்த கம்பெனி இது. 1862ல் இந்தப் பெயரைப் பெற்றது. இதன் வளர்ச்சிக்கு உரமிட்டது எது? சர்க்காரின் தபால் ஒப்பந்தங்கள். தபால் மூட்டைகளைச் சுமப்பதற்காகச் சர்க்கார் பணம் கொடுத்தது. சிப்பாய்களை ஏற்றிச் செல்லும் வேலையும் கொடுத்தது. பிரயாணி வந்தாலும் வராவிட்டாலும் ஒரு நிச்சயமான வருமானம் உண்டு. அந்த வருமானம் இந்திய மக்கள் கொடுத்த வரியிலிருந்து வந்தது என்பதை மறக்கக் கூடாது.

இந்தக் கம்பெனிக்கு எதிராக 1906 அக்டோபரில் ஒரு புதிய கம்பெனி பதிவாயிற்று. அதுதான் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. அதன் உயிர் நாடி வ.உ. சிதம்பரம் பிள்ளை. தலைவர் பாண்டித்துரைத் தேவர். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகளுக்கு, அதாவது 2 லட்சம் ரூபாய்க்குப் பொறுப்பேற்றார். பங்கை 25 ரூபாயாக வைத்ததே ஒரு வியூகந்தான். பெரிய பணக்காரன் மட்டுமல்ல, சிறு வியாபாரியும் வாங்கக்கூடிய பங்கு அது. பங்கு வாங்கியவன் தன் சரக்கை எந்தக் கப்பலில் ஏற்றுவான்? சுதேசிக் கப்பலில்தான். இப்படி முதலும் வாடிக்கையும் ஒரே கையிலிருந்து வந்தன.

போர்ட்டர் பிறப்பதற்கு நாற்பதாண்டு முன்பே, ஒரு சரக்குக்குத் தனித்தன்மை ஊட்டுவது எப்படி என்பது ஒட்டப்பிடாரத்து வக்கீலுக்குத் தெரிந்திருந்தது. கப்பல் பிரயாணம் என்பது எல்லாக் கம்பெனியிலும் ஒன்றுதான். அதே கடல், அதே கொழும்பு. ஆனால் 'நம் கப்பல்' என்ற ஒரு சொல்லில் அவர் அதை வேறு சரக்காக மாற்றினார். அந்தச் சொல்லை விலைக்கு வாங்க பி.ஐ. கம்பெனியால் முடியாது. எனவே அது வேறு ஆயுதங்களை எடுத்தது.

நான்கு அடிகள்

முதல் அடி: கப்பல் கிடைக்கவிடாமல் செய்வது. சுதேசிக் கம்பெனிக்கு ஆரம்பத்தில் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாயிலுள்ள ஷா லைன் என்ற கம்பெனியிடம் கப்பல்களை வாடகைக்கு எடுத்தது. பி.ஐ. கம்பெனி நேராக வ.உ.சி.யுடன் மோதவில்லை, கப்பல் கொடுத்தவனை நெருக்கியது. ஷா லைன் கப்பல்களைத் திரும்ப வாங்கிக்கொண்டது. வாடிக்கைக்காரர்கள் துறைமுகத்தில் காத்திருக்க, கப்பல் இல்லாத கப்பல் கம்பெனியாக நின்றது சுதேசிக் கம்பெனி. வ.உ.சி. உடனே கொழும்பிலிருந்து ஒரு கப்பலை வாடகைக்குப் பிடித்தார். அத்தோடு நிற்கவில்லை. பிறத்தியான் கப்பலை நம்பினால் இதே கதிதான் என்று கண்டு, சொந்தக் கப்பல் வாங்கப் புறப்பட்டார். 1907ல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன. அடியை வாங்கிக்கொண்டு அதிலிருந்தே பாடம் படித்தார்.

இரண்டாவது அடி: கட்டணக் குறைப்பு. கொழும்புப் பிரயாணத்துக்கான கட்டணத்தை பி.ஐ. கம்பெனி ஒரு ரூபாயாக இறக்கியது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாக இறக்கியது.

மூன்றாவது அடி: இனாம். கட்டணமே வேண்டாம், சும்மா வாருங்கள் என்று கூப்பிட்டது பி.ஐ. கம்பெனி. வந்தவர்களுக்குக் குடையும் இனாமாகக் கொடுத்தது. யோசித்துப் பாருங்கள், தோழர்களே! அதுவரை ஏகபோகமாய்க் கட்டணம் வாங்கிவந்த அதே கம்பெனி, திடீரென்று தர்மப்பிரபு ஆகிவிட்டது. தூத்துக்குடி ஜனங்கள் வெயிலில் வாடுகிறார்களே என்று லண்டனிலுள்ள பங்குதாரர்களின் மனம் இளகிவிட்டதா? சுதேசிக் கப்பல் ஒன்று துறைமுகத்தில் நிற்கிற வரைக்குந்தான் அந்த இரக்கம்!

நான்காவது அடி: சர்க்கார். இந்த அடியைப் பற்றிப் பின்னால் சொல்வோம். முதலில் குடையின் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

குடையின் கணக்கு

ஒரு சிறு உதாரணம். உண்மைக் கணக்கல்ல, விளங்குவதற்காகப் போடும் கணக்கு. பெரிய கம்பெனிக்குப் பத்து வழித்தடங்கள். ஒவ்வொன்றிலும் மாதம் 100 ரூபாய் லாபம். சிறிய கம்பெனிக்கு ஒரே வழித்தடம். கையிருப்பு 300 ரூபாய். பெரிய கம்பெனி அந்த ஒரு தடத்தில் மட்டும் கட்டணத்தை அடியோடு குறைக்கிறது. அங்கே அதற்கு மாதம் 50 ரூபாய் நஷ்டம். மற்ற ஒன்பது தடங்களில் 900 ரூபாய் லாபம். ஆக, நிகர லாபம் 850 ரூபாய். கூட்டிக் கழித்துப் பார்த்தால் அதற்கு நஷ்டமே இல்லை. சிறிய கம்பெனியும் அதே 50 ரூபாய் நஷ்டப்படுகிறது. ஆனால் அதை ஈடுகட்ட வேறு தடம் கிடையாது. ஆறு மாதத்தில் 300 ரூபாய் தீர்ந்தது, கடை மூடியது. ஏழாவது மாதம் பெரிய கம்பெனி பழைய கட்டணத்துக்குத் திரும்புகிறது. அல்லது அதற்கும் மேலே போகிறது. கேட்பார் யார்?

இதில் திறமையில் யார் பெரியவர் என்ற கேள்வியே எழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சிறிய கம்பெனியின் மாலுமிகள் சோம்பேறிகளல்ல, கப்பல் ஓட்டையல்ல, நிர்வாகம் மோசமல்ல. இரண்டு கம்பெனிக்கும் ஒரே அளவு நஷ்டம். ஒன்று பிழைத்தது, மற்றது செத்தது. காரணம், ஒன்றின் மடி ஆழம். மற்றதன் மடி ஆழமில்லை. அந்த ஆழமான மடியை நிரப்பியது யார்? ரங்கூனுக்கும் கல்கத்தாவுக்கும் போகிற மற்றத் தடங்களின் பிரயாணிகள். தபாலுக்கு வரி கட்டிய ஜனங்கள். அதாவது தூத்துக்குடியில் ஒருவன் கையில் விரிந்த இனாம் குடையின் விலையை, வேறொரு துறைமுகத்தில் டிக்கெட் எடுத்தவன் கொடுத்தான். பின்னால் அந்தத் தூத்துக்குடிக்காரனும் வட்டியோடு கொடுக்க வேண்டும். இனாமுக்குப் பின்னால் எப்போதும் ஒரு ரசீது இருக்கிறது. அது நம் கைக்கு வந்து சேரச் சிறிது காலம் பிடிக்கிறது, அவ்வளவுதான்.

கப்பல் முதலாளிகளின் கூட்டு

இது ஏதோ ஒரு கம்பெனியின் கெட்ட புத்தி என்று நினைத்துவிடக் கூடாது. அந்தக் காலத்துக் கப்பல் தொழிலின் வழக்கமே இது. 1875ம் ஆண்டில் இங்கிலாந்துக்கும் கல்கத்தாவுக்கும் இடையே கப்பல் ஓட்டிய கம்பெனிகள் 'கான்பரன்ஸ்' என்ற பெயரில் ஒரு கூட்டை அமைத்துக்கொண்டன. கட்டணத்தைத் தங்களுக்குள் பேசி நிர்ணயித்தன. 1877ல் ஒரு புதுத் தந்திரம் கண்டுபிடித்தன. அதற்குத் 'தாமதக் கழிவு' என்று பெயர் சொல்லலாம்.

அது எப்படி வேலை செய்தது? சரக்கு அனுப்பும் வியாபாரி முழுக் கூலியையும் முதலில் கட்ட வேண்டும். குறிப்பிட்ட சில மாதங்கள் கூட்டிலுள்ள கப்பல்களில் மட்டுமே அனுப்பியிருந்தால், கட்டிய கூலியில் ஒரு பகுதி, பெரும்பாலும் பத்து சதம், அவனுக்குக் கழிவாகச் சேரும். ஆனால் அதை உடனே கொடுக்க மாட்டார்கள். இன்னும் சில மாதங்கள் விசுவாசமாக இருந்தால்தான் கைக்கு வரும். இடையில் ஒரே ஒரு மூட்டையை வெளிக் கம்பெனியின் கப்பலில் ஏற்றினாலும் சேர்ந்த கழிவு முழுவதும் போச்சு! வியாபாரியின் சொந்தப் பணமே அவன் கழுத்துக்குக் கயிறு. வெளிக் கம்பெனி எவ்வளவு மலிவாகக் கூப்பிட்டாலும் அவன் எப்படிப் போவான்? இன்று 'பாயிண்டு' சேர்த்துக் கொடுக்கிறோம் என்று கடைக்காரர்கள் அட்டை நீட்டுகிறார்களே, அதற்கு முப்பாட்டன் இந்தத் தாமதக் கழிவு.

இதை எதிர்த்து ஒரு கம்பெனி கோர்ட்டுக்குப் போயிற்று. சீனத் தேயிலையை ஏற்றிச் செல்லும் வியாபாரத்திலிருந்து தன்னை விரட்டுவதற்காக, கூட்டிலுள்ள கம்பெனிகள் ஹாங்கோ துறைமுகத்துக்குக் கப்பல்களை அனுப்பிக் கூலியை இறக்கின. தனக்குச் சரக்குப் பிடித்துக் கொடுத்த ஏஜெண்டுகளை மிரட்டின என்று மொகல் ஸ்டீம்ஷிப் கம்பெனி வழக்குத் தொடுத்தது. 1891ம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. என்ன தீர்ப்பு? இது சதியல்ல, சொந்த வியாபாரத்தைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்த போட்டிதான், சட்ட விரோதம் இல்லை என்று சொல்லிவிட்டது.

சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். பத்தே ஆண்டுகள் கழித்து, 1901ல், அதே பிரபுக்கள் சபைக்கு இன்னொரு வழக்கு வந்தது. வேல்ஸ் நாட்டில் டாப் வேல் ரயில்வேக் கம்பெனியின் தொழிலாளர்கள் ஒன்று கூடி வேலை நிறுத்தம் செய்தார்கள். அதனால் கம்பெனிக்கு நஷ்டம் என்று வழக்கு. அதற்குத் தொழிற்சங்கம் பொறுப்பு என்று தீர்ப்பாயிற்று. சங்கம் 23,000 பவுன் கட்ட நேர்ந்தது! முதலாளிகள் ஒன்று கூடி இன்னொருவன் பிழைப்பைக் கெடுத்தால் அது போட்டி. தொழிலாளிகள் ஒன்று கூடித் தங்கள் பிழைப்பைக் காத்துக்கொண்டால் அது நஷ்ட ஈட்டுக்குரிய குற்றம். 1906ல் பார்லிமெண்டில் புதுச் சட்டம் கொண்டுவந்துதான் தொழிலாளி வர்க்கம் அந்தத் தீர்ப்பை முறியடித்தது. போட்டிக்கு விதி எழுதுகிறவன் யார் என்பதையும் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

நான்காவது அடி

இப்போது தூத்துக்குடிக்குத் திரும்புவோம். குடையைக் கொடுத்தும் சுதேசிக் கம்பெனி சாகவில்லை. ஏன் சாகவில்லை? ஜனங்கள் இனாமை உதறிவிட்டு எட்டணா கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறினார்கள். தோழர்களே, இதை நாம் அலட்சியமாகக் கடந்துபோகக் கூடாது. மனிதன் எப்போதும் மலிவைத்தான் தேடுவான் என்ற வியாபார சாஸ்திரம் அந்தத் துறைமுகத்தில் பொய்த்துப் போயிற்று. எதற்காகக் கொடுக்கிறோம் என்று தெரிந்த மனிதன், அதிகமாகவும் கொடுப்பான்.

வியாபாரத்தில் தோற்கடிக்க முடியாதவனை வேறு விதமாகத் தோற்கடித்தார்கள். 1908 பிப்ரவரி 27ந் தேதி, தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். ஹார்வி சகோதரர்கள் நிர்வகித்த மில் அது. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அந்தத் தொழிலாளர்களின் பக்கம் நின்றார்கள். ஒன்பது நாள் போராட்டத்தில் தொழிலாளர்கள் ஜெயித்தார்கள். கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைத்தது. மார்ச் 12ந் தேதி இரு தலைவர்களும் கைது செய்யப்பட்டார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் மாண்டார்கள். ஜூலையில் செஷன்ஸ் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல் முறையீட்டில் அது குறைந்தது. ஆனாலும் 1912 டிசம்பர் வரையில் அவர் சிறையில் இருந்தார். கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்தார்.

அவர் உள்ளே இருக்கும்போதே, 1911ல், சுதேசிக் கம்பெனி கலைக்கப்பட்டது. கப்பல்கள் விற்கப்பட்டன. காலியாக் கப்பல் எந்தக் கம்பெனியை எதிர்க்க வந்ததோ அந்தக் கம்பெனியின் கைக்கே போயிற்று. அதோடு இனாம் பிரயாணமும் முடிந்தது.

நமது பக்கத்துக் குறைகள்

எதிரியைத் திட்டிவிட்டு நிறுத்தினால் அது பாடமாகாது. சுதேசிக் கம்பெனியின் பலவீனங்களையும் பார்க்க வேண்டும். முதலாவதாக, கையிலிருந்த பணத்தின் பெரும்பகுதி இரண்டு கப்பல்களில் முடங்கியது. நீண்ட போருக்கு வேண்டிய கையிருப்பு இல்லை. இரண்டாவதாக, ஒரே ஒரு தடம். எதிரி எங்கே அடிக்க வேண்டும் என்று தேட வேண்டிய அவசியமே இல்லை. மூன்றாவதாக, கட்டணத்துக்குக் கட்டணம் குறைத்தது. ஆழமான மடிக்காரனோடு அவன் தேர்ந்தெடுத்த ஆயுதத்தில் சண்டையிடுவது ஆபத்து. நான்காவது, முக்கியமானது: பங்குதாரர்களின் ஊசலாட்டம். சர்க்கார் கண்ணை உருட்டியதும், கம்பெனி வேறு, அரசியல் வேறு என்று டைரக்டர்களில் பலர் ஒதுங்கப் பார்த்தார்கள். ஆனால் அந்தக் கம்பெனியின் பலமே அரசியல்தான். அதை விலக்கிவிட்டால் மிஞ்சுவது இரண்டு பழைய கப்பல்கள். தன்னுடைய தனித்தன்மை எது என்று தெரியாத ஸ்தாபனம் நிலைக்காது.

பின்னால் வந்தவர்கள் இதிலிருந்து படித்தார்கள். 1919ல் வால்சந்த் ஹீராசந்த், நரோத்தம் மொரார்ஜி முதலியவர்கள் நாலரைக் கோடி ரூபாய் மூலதனத்தோடு சிந்தியா கம்பெனியைத் தொடங்கினார்கள். அதன் 'லாயல்டி' கப்பல் அந்த ஆண்டு ஏப்ரல் 5ந் தேதி பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. அந்த நாளைத்தான் 1964 முதல் தேசியக் கடல்சார் தினமாகக் கொண்டாடுகிறோம். சிந்தியா மீதும் பி.ஐ. கம்பெனி கூலி யுத்தம் தொடுத்தது. சிந்தியா சாகவில்லை, மடி ஆழமாயிருந்தது. ஆனால் 1923ல் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தது. தனது கப்பல்களின் அளவுக்கும் ஓட்டும் தடங்களுக்கும் வரம்பு கட்டிக்கொண்டு, எதிரியின் கூட்டுக்குள்ளேயே உட்கார்ந்தது. ஆக, கூலி யுத்தத்துக்கு இரண்டு முடிவுகள்தான்: ஒன்று, சிறியவன் சாவது, மற்றது, இருவரும் சேர்ந்துகொண்டு விலையைப் பங்கு போடுவது. இரண்டிலும் சரக்குக்காரனுக்கும் பிரயாணிக்கும் கிடைப்பது ஒன்றே.

கையிலுள்ள டெலிபோனைப் பாருங்கள்

"இதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்துக் கதை" என்று யாரேனும் சொல்லலாம். உங்கள் சட்டைப் பையிலுள்ள டெலிபோனை எடுங்கள்.

2016 செப்டம்பர் 5ந் தேதி ஜியோ கம்பெனி தன் சேவையைத் தொடங்கியது. பேச்சும் இனாம், இணையமும் இனாம். 2017 மார்ச் முடிய இந்த இனாம் நீடித்தது. அதன் பின்னால் நின்ற பணம் டெலிபோனில் சம்பாதித்ததல்ல. எண்ணெய்ச் சுத்திகரிப்பிலும் பெட்ரோ ரசாயனத்திலும் திரண்ட பணம். இங்கே ஒரு வித்தியாசம் உண்டு. தூத்துக்குடியில் பழைய கம்பெனி புதியவனை அடித்தது. இங்கே புதிய கம்பெனி பழையவர்களை அடித்தது. ஆகவே பழையவனா புதியவனா என்பது முக்கியமல்ல. மடியின் ஆழம்தான் முக்கியம்.

நியாயமாகப் பேசுவோம். இதனால் ஜனங்களுக்கு லாபம் கிடைத்தது உண்மை. ஏழை வீட்டுப் பிள்ளையின் கைக்கும் இணையம் வந்தது. அதை நாம் மறுக்க மாட்டோம். ஆனால் நான்காவது கேள்வியைக் கேளுங்கள்: மறுநாள் என்ன நடந்தது? 1999ல் தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த ஏர்செல் கம்பெனி 2018 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தது. அந்த மாதத்தில் எண்ணை மாற்றிக்கொள்ளக் கடை கடையாய் அலைந்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். 2018 ஆகஸ்டில் வோடபோனும் ஐடியாவும் ஒன்றாயின. பத்துக்கு மேல் இருந்த கம்பெனிகளில் பெரிய தனியார் கம்பெனிகள் மூன்றுதான் மிஞ்சின. பிறகு? 2019 டிசம்பரில் கட்டணம் ஏறியது. 2021 நவம்பரில் ஏறியது. 2024 ஜூலையில் மறுபடியும் ஏறியது. ஒவ்வொரு தடவையும் மூவரும் சில நாட்களுக்குள் அடுத்தடுத்து ஏற்றினார்கள்.

சட்டம் என்ன செய்தது? செலவுக்கும் கீழே விற்றுப் போட்டியாளனை ஒழிக்கக் கூடாது என்று 2002ம் ஆண்டுப் போட்டிச் சட்டம் சொல்கிறது. ஏர்டெல் கம்பெனி புகார் கொடுத்தது. 2017 ஜூனில் போட்டி ஆணையம் அதைத் தள்ளுபடி செய்தது. அந்தச் சந்தையில் ஏற்கெனவே ஆதிக்கம் பெற்றவனைத்தான் சட்டம் பிடிக்கும்; ஜியோ புதிதாக வந்த கம்பெனி, ஆதிக்கம் பெறவில்லை என்பது காரணம். வேறு தொழிலில் திரண்ட பணத்தோடு நுழைகிறவன் அந்தச் சல்லடையில் நிற்பதில்லை.

இதில் அதிகம் அடிபட்டது யார்? நமது பொதுத்துறையான பி.எஸ்.என்.எல். மற்றவர்கள் நாலாந் தலைமுறைச் சேவையை நடத்திக்கொண்டிருந்தபோது, அதற்கு வேண்டிய அலைவரிசையை ஒதுக்கும் முடிவு 2019 அக்டோபரில்தான் வந்தது. அதே முடிவோடு விருப்ப ஓய்வுத் திட்டமும் வந்தது. 2020 ஜனவரி 31ந் தேதி, ஒரே நாளில், 78,000க்கும் மேற்பட்ட ஊழியர்கள் வெளியேறினார்கள். மலிவு டெலிபோனின் ரசீது அவர்கள் வீட்டுக்கு முதலில் போயிற்று. கட்டண உயர்வாக நம் வீட்டுக்குப் பிறகு வந்தது.

நாம் என்ன செய்வது?

அப்படியானால் மலிவாக வருவதை வாங்காதே என்று சொல்கிறோமா? இல்லை. நமது வேலை வாங்காமல் இருப்பதல்ல. விளங்கிக்கொள்வதும் ஒன்று சேருவதும். செலவைக் குறைத்து வந்த மலிவு எது, எதிரியைக் கொல்ல வந்த மலிவு எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். செலவு குறைந்தது என்றால் எங்கே குறைந்தது? புதிய இயந்திரத்தாலா, தொழிலாளியின் கூலியை வெட்டியதாலா என்று கேட்க வேண்டும். பொதுத்துறை ஸ்தாபனத்தின் கையைக் கட்டிப் போட்டுவிட்டு, ஓட்டப் பந்தயத்தில் தோற்றுவிட்டது என்று சொல்லும்போது, கட்டியவன் யார் என்று கேட்க வேண்டும்.

தொழிலாளிகள் தாங்களே வியூகம் வகுத்து நிற்க முடியுமா? முடியும். கேரளத்திலுள்ள கண்ணூரைப் பாருங்கள். 1966ம் ஆண்டு பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தைக் கேரள சர்க்கார் 1968ல் அமல் நடத்தியபோது, சட்டப்படி நடக்க விரும்பாத மங்களூர் முதலாளிகள் தங்கள் பீடிக் கம்பெனிகளை மூடினார்கள். சுமார் 12,000 தொழிலாளர்கள் தெருவில் நின்றார்கள். அன்றைய கேரள சர்க்காரின் உதவியோடு அந்தத் தொழிலாளர்கள் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து, 1969 பிப்ரவரியில் தினேஷ் பீடியை ஆரம்பித்தார்கள். தனியார் கம்பெனியைவிட அதிகக் கூலி கொடுத்தார்கள். பண்டிகைச் சம்பளம், சேமநிதி கொடுத்தார்கள். செலவு அதிகமானால் போட்டியில் அழிவாய் என்று வியாபார சாஸ்திரம் சொல்லும். அவர்கள் அழியவில்லை. ஒரு காலத்தில் 30,000க்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை கொடுத்த ஸ்தாபனமாக வளர்ந்தார்கள்.

எப்படி முடிந்தது? நல்ல புகையிலை, ஒழுங்கான சுற்று, ஏமாற்றில்லாத எண்ணிக்கை. இது எங்கள் பீடி என்று சொல்லிக் கேட்டு வாங்கிய மக்கள். வ.உ.சி.யின் கையிலிருந்த அதே ஆயுதம். ஆனால் அவரிடம் இல்லாத இரண்டு விஷயங்கள் இவர்களிடம் இருந்தன. சர்க்கார் எதிரே நிற்கவில்லை, பக்கத்தில் நின்றது. ஊசலாடும் பங்குதாரர்கள் இல்லை. பங்குதாரனும் தொழிலாளியும் ஒருவனே. பின்னால் பீடியின் காலம் மங்கியது. பீடி உடம்புக்குக் கேடு என்பதை நாமும் மறைக்க வேண்டியதில்லை. ஒரே தடத்தில் நின்றால் ஆபத்து என்று அவர்கள் உணர்ந்தார்கள். 1990களின் கடைசியிலிருந்து உணவுப் பண்டங்கள், ஆயத்த ஆடை என்று வேறு தொழில்களில் இறங்கினார்கள். அவற்றில் ஒன்று குடை.

ஆம், தோழர்களே, குடைதான். தூத்துக்குடியில் ஒரு குடை இனாமாக வந்தது. அது ஒரு கம்பெனியைக் கொல்ல வந்த குடை. கண்ணூரில் ஒரு குடை விலைக்கு வருகிறது. அந்த விலையில் அதைத் தைத்தவரின் நியாயமான கூலி இருக்கிறது. மழைக்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். எந்தக் குடையின் கீழ் நாம் நிற்கிறோம் என்று தெரிந்து நிற்க வேண்டும்.

அடுத்த வகுப்புக்கு வரும்போது ஒவ்வொருவரும் ஒரு காரியம் செய்துகொண்டு வர வேண்டும். உங்கள் தெருவில், உங்கள் தொழிலில், இந்த ஆண்டு இனாமாகவோ அடிமாட்டு விலைக்கோ வந்த ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். யார் கொடுக்கிறார், எந்தப் பணத்தில் கொடுக்கிறார், எதற்காகக் கொடுக்கிறார், அதனால் யாருடைய கடை மூடியது, யாருடைய வேலை போயிற்று என்று விசாரித்து எழுதி வாருங்கள். அதை வைத்துக்கொண்டு மேலே பேசுவோம்.